அக்கா சூட்டிய பதவிகள்

எங்கள் குழந்தைகள் காப்பகம் நடந்த வீட்டில் இப்போது ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. பஸ் அந்த முனையில் திரும்பும்போதெல்லாம் என் கண் மாடிக்குத்தான் போகும். கண்ணாடிக்குப் பின்னால் யாராவது வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருப்பார்கள். அதே மூலையில்தான் என் அக்கா வருஷக்கணக்காக உட்கார்ந்து, தான் பார்த்தேயிராத நாடுகளிலிருந்து குழந்தைகளுக்குப் பணம் வரவழைத்தாள்.

மாடியில் அலுவலகம், கீழே குழந்தைகள். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற கைக்குழந்தைகள் பாதி. யாரும் அழைத்துப்போக வராத குழந்தைகள் மீதி. பவுடர் வாசனையும், துணி கொதிக்கும் வாசனையும் படிக்கட்டேறி எங்கள் மேஜை வரைக்கும் வரும். அக்கா அங்கே திட்ட மேலாளர். நான் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அவள் வீட்டில் தங்கியிருந்த சமயம், "சும்மா படுத்துக்கிட்டு ஃபேனை எண்ணாதே, வந்து ரெண்டு ரிப்போர்ட்டை மொழிபெயர்த்துக் குடு" என்று இழுத்துப்போனாள். அந்த ரெண்டு ரிப்போர்ட் எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறக்கிற வரைக்கும் முடியவில்லை.

நிதி தருகிறோம் என்று எந்த வெளிநாட்டு அமைப்பிலிருந்து அறிவிப்பு வந்தாலும், அக்கா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று அங்கேதான் போட்டிருக்கும். மற்ற பக்கங்களில் குழந்தைகள் சிரிப்பார்கள், கடைசிப் பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை.

"கட்டடம் கேளு, தருவாங்க. கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லு, அப்பவும் தருவாங்க. குழந்தையைத் தூக்கி வெச்சுக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கேளு. உடனே காது கேக்காம போயிடும்" என்பாள்.

அப்படிக் கேட்காமலே வந்த நாலு கம்ப்யூட்டர்கள் கீழ்க்கூடத்தில் இருந்தன. காப்பகத்துப் பிள்ளைகளில் பெரியவனுக்கே அப்போதுதான் நடை பழகியிருந்தது. ஆயாம்மா அவற்றின்மேல் எச்சில் துணிகளைக் காயப்போடுவாள். யாராவது ஆன் பண்ணி வைத்தால் சீக்கிரம் காய்கிறது என்று அவளுக்கு அந்த நன்கொடையில் பரம திருப்தி.

ஆயாம்மா அந்த இடம் திறந்த அன்றைக்குத் தரை துடைக்க வந்தவள். பருத்த உடம்பு, கரகரத்த குரல். எந்தப் பிள்ளை யாரிடம் அடங்காவிட்டாலும் அவளிடம் அடங்கும். தாலாட்டில் தாளமும் இருக்காது, ராகமும் இருக்காது. "அதைக் கேக்கறதுக்குத் தூங்கிடறதே மேல்னு குழந்தைங்க முடிவு பண்ணிடுதுங்க" என்பார் கையெழுத்து சார். அவர் எங்கள் இயக்குநர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்பார். அந்தப் பெயர் அதனால் வந்தது.

ஆயாவுக்குச் சம்பளம் தர உலகத்தில் எந்த அமைப்பும் தயாராக இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவர்களுக்கு ஒரு விஷயத்தில் ஆசை பிறக்கும். ஒரு வருஷம் எல்லோரும் ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசினார்கள். அக்கா ஆயாம்மாவை 'ஊட்டச்சத்து உதவியாளர்' ஆக்கினாள். அடுத்து கைகழுவும் பழக்கம் வந்தது. ஆயாம்மா 'சுகாதாரப் பயிற்றுநர்' ஆனாள். பிறகு பெண்கள் முன்னேற்றம் வந்தபோது 'மகளிர் ஊக்குநர்'. ஒரு வருஷம் காலநிலை மாற்றத்தைத் தவிர வேறு எதற்கும் பணமில்லை என்று ஆகிவிட்டது. நான் கைவிரித்துவிட்டேன்.

"அக்கா, இதுல ஆயாம்மாவை எங்க நுழைக்கப் போற?"

"மழை வந்தா கீழ ஜன்னலையெல்லாம் யாரு சாத்தறது?"

"ஆயாம்மா."

"வெயில் ஏறினா ஈரத்துணி கட்டித் தொங்கவிடறது?"

"ஆயாம்மாதான்."

"அப்புறம் என்ன? எழுதிக்கோ. காலநிலைத் தகவமைப்புப் பணியாளர்."

பொய் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. ஒவ்வொரு பதவிக்கும் கீழே அக்கா எழுதுகிற வேலைகள் எல்லாம் ஆயாம்மா நிஜமாகச் செய்கிற வேலைகள். புது நிதி கையெழுத்தானதும் ஆயாம்மாவை மாடிக்கு அழைப்பார்கள். விருந்தினர் கோப்பையில் டீ தரப்படும். கையெழுத்து சார் எழுந்து நின்று, பதவியை வாசிப்பார். "போன வருஷத்துதே நல்லா இருந்துச்சே" என்று ஆயாம்மா சும்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் படியிறங்கும்போது புதுப்பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது எங்களுக்குக் கேட்கும்.

வீட்டிலும் அக்கா இப்படித்தான். மளிகைக்கு எடுத்து வைத்ததில் செருப்பு வாங்கக் கூடாது, செருப்புக்கு வைத்ததில் சினிமா கூடாது. மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். சாப்பாட்டு மேஜையில் ஒரு நாள் அவர் கேட்டார்: "உன் பட்ஜெட்ல நான் எந்தத் தலைப்புலதான் வர்றேன்?"

"நிர்வாகச் செலவு. பத்து சதவீதத்துக்கு மேல போகக்கூடாது" என்றாள் அக்கா, தட்டைவிட்டு நிமிராமலே. அவளுக்கு அது ஜோக் இல்லை.

ஆயாம்மாவின் கடைசிப் பெரிய பதவி 'மழலைப்பருவ உளத்தூண்டல் வல்லுநர்'. பெயரைப் போலவே அந்த நிதியும் பெரியது. அந்த வருஷம் குழந்தைகளும் எங்களுக்கு ஒத்தாசை செய்தார்கள். எடை ஏறியது. வந்த நாளிலிருந்து சத்தமே காட்டாமல் சுவரைப் பார்த்துக்கிடந்த ஒரு பெண்குழந்தை, ஆயாம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தது. அக்கா அதை ரிப்போர்ட்டில் எழுதினாள். வழக்கமாக ரெண்டு வரியில் முடிப்பவள், அன்று சந்தோஷத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டாள். நானும் உருகி உருகி மொழிபெயர்த்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ரிப்போர்ட் சுமாராக இருந்திருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். இது அவர்கள் தலைமையகத்தில் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. அடுத்த மாதம் பல நாட்டு வல்லுநர்கள் கூடும் மாநாட்டில் உங்கள் வல்லுநர் வந்து தன் முறையை விளக்க வேண்டும், விமானச் செலவு எங்களுடையது என்று அழைப்பு வந்தது.

கையெழுத்து சார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கணும்? மனநலம் படிச்ச பொண்ணு யாராவது கிடைப்பா. ரெண்டு நாள் கீழ உக்கார வெப்போம். வல்லுநர்னு அனுப்பிடுவோம். நல்லா இங்கிலீஷ் பேசுவா. யாருக்குத் தெரியப்போகுது?"

"வேண்டாம் சார்."

"ஏம்மா? இத்தனை வருஷம் நீ பண்ணினதுதானே?"

"நான் பேரைத்தான் சார் மாத்தினேன். ஆளை மாத்தினதில்ல."

அவர் பேனாவை மூடிவிட்டார். அக்காவின் முகம் சிவந்திருந்தது. சொல்லிவிட்டாளே தவிர, அதன் விலை அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஆயாம்மாவின் சம்பளம் நின்றுபோகும். சம்பளம் நின்றால் ஆயாம்மா வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அவள் போய்விட்டால் கீழே அத்தனை குழந்தைகளுக்கும், தாய்மார் ஒத்தாசைக்கு அனுப்பிவைத்த இரண்டு பெண்கள்தான் மிச்சம். அதில் ஒருத்திக்குக் குழந்தை அழுதால் கூடவே அழுகை வரும்.

வீட்டில் அன்று சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மாமா விஷயத்தைக் கேட்டார்.

"உடம்பு சரியில்ல, வர முடியாதுன்னு எழுதிடேன். டிப்போவுல நாங்க அப்படித்தான் தப்பிப்போம்."

"இந்த வருஷம் உடம்பு சரியில்ல. அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் சாகடிச்சுடு."

"நீங்க வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அமைப்பின் சார்பில் எங்களைக் கவனித்துக்கொண்ட அம்மாளிடம் அக்கா போனில் பேசினாள். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வழக்கமாக வானிலையில் ஆரம்பிப்பவள், அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள். வல்லுநர் என்று யாரும் இல்லை, எங்கள் ஆயாதான் அது, ஐந்து வருஷமாக ஐந்து பெயர்களில் அவள்தான் என்றாள்.

அந்த அம்மாள் கேட்டாள், எடைக்கணக்கும் கற்பனையா?

"எடை நிஜம். அந்தக் குழந்தை சிரிச்சது நிஜம். நீங்க எந்த நிமிஷம் வந்தாலும் பாக்கலாம்."

நம்புகிறேன், என்றாள் அந்த அம்மாள். ஆனால் கேட்டதைக் கேட்காத மாதிரி என்னால் இருக்க முடியாது. இந்தக் காலாண்டோடு அந்தச் சம்பளம் நிற்கும். மற்ற நிதியில் கைவைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். போனை வைப்பதற்கு முன், "அவங்க பேரு என்ன?" என்று கேட்டாள். அக்கா சொன்னாள். எனக்கே அன்றுதான் ஆயாம்மாவின் சொந்தப் பெயர் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் அக்கா கையெழுத்து சாரிடம் ஒரு காகிதம் நீட்டினாள். அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்தார். நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அக்காவின் சம்பளம் அதில்தான் வந்துகொண்டிருந்தது. திட்ட மேலாளர் இனி அரைநாள் வேலை, மீதிப் பாதிச் சம்பளம் ஆயாவுக்கு என்று எழுதியிருந்தாள். 'ஆயா' என்றே எழுதியிருந்தாள்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

சொல்லியிருந்தாள்தான். மாமா ஒரு ஸ்கூட்டருக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ஸ்கூட்டர் இந்த வருஷம் இல்ல" என்றார். "இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை டிப்போவுக்கு சைக்கிளில்தான் போனார்.

ஆயாம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா விஷயத்தைச் சொன்னதும் ஆயாம்மாவுக்கு வந்தது கோபம்.

"இத்தனை வருஷமா ஏறிக்கிட்டே வந்தேன். ஒரே நாள்ல ஆயாவாக்கிட்டியே."

"நீங்க எப்பவும் ஆயாதானே, ஆயாம்மா?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். பேப்பருக்குத் தெரியணுமா? வல்லுநர்னு சொன்னதும் சம்பந்தி வீட்டுல நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்கம்மா என்னை. இனிமே பாயைத்தான் காட்டுவாங்க." மூச்சு வாங்கினாள். "ப்ளேன் டிக்கெட்டு வேற வந்துச்சாமே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அங்க போயி என்ன பேசியிருப்பீங்க?"

"நான் எதுக்குப் பேசறேன்? ஜன்னலோரமா உக்காந்து மேகம் பாத்துட்டு, அவங்க போடற சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு வந்திருப்பேன்."

அக்கா யோசித்ததில் சம்பளம் இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள். மேகம் இருக்கவில்லை.

பல நாள் ஆயாம்மா அவளோடு நேரில் பேசவில்லை. எல்லாம் என் மூலமாக வந்தது. "உங்கக்காகிட்ட சொல்லு, பவுடர் தீந்துபோச்சு." அக்கா பக்கத்திலேயே நின்றிருப்பாள். "வாங்கிடலாம்னு சொல்லு" என்பாள் என்னைப் பார்த்து. நடுவில் நான் ஒரு டெலிபோன் கம்பி மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம், அரைநாள் முடிந்து அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆயாம்மா கீழ்ப்படியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். நேராக அவளிடமே பேசினாள்.

"ஒரு யோசனை பண்ணினேன். ஆயான்னு இருக்கட்டும். முன்னாடி 'தலைமை'ன்னு ஒண்ணு போட்டுடு."

"தலைமை ஆயாவா? உங்களுக்குக் கீழ யாரு இருக்காங்க? அந்தப் பொண்ணுங்க ரெண்டும் அம்மாமாரு அனுப்பி வெச்சவங்க, நம்ம கணக்குல இல்லையே. தலைமைன்னு போட்டா கீழ ஒரு ஆளைக் காட்டணும், ஆயாம்மா. சும்மா எழுத மாட்டேன் இனிமே."

"சும்மா எழுதச் சொல்லலியே." ஆயாம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இருக்கே இல்ல? மத்தியானத்துக்கு மேல உனக்கு என்ன வேலை?"

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். நான் மாடிப்படியின் மேல் வளைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். ஆனால் விருந்தினர் வந்த நாட்களைத் தவிர அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சம்பளம் கிடையாதா?" என்று கேட்டாள்.

"உன் சம்பளம்தான் என்கிட்ட இருக்கே. நல்லா வேலை செஞ்சா பாப்போம்."

அக்கா படியிலேயே செருப்பைக் கழற்றினாள். பையை வாங்கி ஆணியில் மாட்டிய ஆயாம்மா, அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். "மூலையில இருக்கானே, அவனுக்கு ஈரம் மாத்து. மாத்தும்போது தள்ளி நில்லு, மேலேயே அடிப்பான்."