மேற்கே ஓடிய ஓடை

எழுபதுகளில் டொரண்டோவில், யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஒஷாவா அருகே ஒரு தொழிற்சாலைக்கு ஓடைத் தண்ணீரை ஒதுக்கியதை எதிர்த்து ஒரு விவசாயி எங்கள் மூலம் வழக்குப் போட்டார். மனுவை எழுதியவன் நான்.

தொழிற்சாலை அவருடைய பண்ணைக்குக் கிழக்கே இருந்தது. தஞ்சாவூர்க்காரனான எனக்கு மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். ஆறு கிழக்கேதான் ஓடும். யோசிக்காமல், 'தொழிற்சாலை பண்ணைக்குக் கீழே உள்ளது' என்று எழுதிவிட்டேன். அந்த ஓடையோ மேற்கே ஓடியது; உண்மையில் தொழிற்சாலைதான் மேலே. "கீழே இருப்பவன் தண்ணீர் எடுத்தால் மேலே இருப்பவருக்கு என்ன நஷ்டம்?" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது.

மனுவைத் திருத்த நீதிமன்றத்தில் அனுமதி கேட்டோம். "இது எப்படி நடந்தது?" என்றார் நீதிபதி.

வக்கீல் எழுந்து, "என் தவறு" என்றார். அனுமதி கிடைத்தது.

வெளியே வந்ததும், "ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள்?" என்றேன்.

"வாசிச்சுக் கையெழுத்து வைச்சவன் நான்தானே தம்பி. எங்கட ஊரில ஆறே இல்லை, எது மேல் எது கீழ் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார்.

என்னைக் கேட்டால், பண்ணையின் வரைபடமே சரியில்லை என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்ததை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.