தமிழைப் பேச வைத்த ஒற்றை வரி

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. மானிட்டர் மட்டும் அணைந்து கிடக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து ஒருவர் கடகடவென்று டைப் அடிக்கிறார்... இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா?

போன சனிக்கிழமை நான் பார்த்தேன்.

இடம், மறைமலைநகரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹால். டைப் அடித்தவர் எஸ்தர். திருவிடந்தைப் பக்கத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. வார நாட்களில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். சனி, ஞாயிறுகளில் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறார்.

முன்பின் தெரியாத அவர், முதல் நாள் போன் செய்திருந்தார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் சில நண்பர்களும் ஒரு இலவச மென்பொருளைத் தமிழாக்கம் செய்தோம். கம்பெனி ஸ்டோர்ஸில் சரக்கு வரவு, சரக்கு இருப்பு எல்லாம் பதிகிற மென்பொருள். அந்தத் தமிழ் ஃபைலின் தலைப்பில் என் பெயர் இருந்ததாம். நண்பர்களின் நண்பர்களை எல்லாம் விசாரித்து என்னைப் பிடித்துவிட்டார். பழைய தமிழ் இப்போது வேலை செய்யவில்லை, வர முடியுமா என்று கேட்டார். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினேன்.

இவ்வளவு அவசரம் எதற்கு? ஹாலில் எஸ்தருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்வத்துக்காக.

செல்வத்துக்கு வேடந்தாங்கல் பக்கம் ஊர். இங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்களைப் பறித்துவிட்டது. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சரக்கு பதிய முடிந்தால் வேலையில் நீடிக்கலாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் செய்து காட்ட வேண்டும். அவரை பஸ்ஸில் அழைத்து வந்திருந்த மனைவி அமுதா, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே கீபோர்டில் வேலை செய்ய வேண்டும். விசைகள் எல்லாம் செல்வத்துக்குப் பழகிவிட்டன. ஆனால், ஸ்டோர்ஸில் ஓடும் அந்த மென்பொருள் முழுக்க ஆங்கிலம்.

"அது இங்கிலீசுல இன்னா சொல்லுதுன்னே வெளங்கல சார்," என்றார். "ஸ்டோர்ஸ் வேலை எனக்குத் தெரியும். இன்னா கேக்குதுன்னு தமிழ்ல சொல்லிச்சின்னா போதும், செஞ்சிகினு போயிடுவேன்."

தமிழ் இருந்தது. ஆனால் திஸ்கியில் இருந்தது — அங்கேதான் சிக்கல்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு 'அ', அந்த எண்ணுக்கு 'ஆ' என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தோம். அதில் ஒன்றுதான் திஸ்கி. இன்று உலகம் முழுக்க ஒரே கணக்கு, யூனிகோட். எங்கள் தமிழ் அப்படியே பழைய எண்களாகக் கிடந்தது. நாங்கள் மொழிபெயர்த்தது ஆயிரக்கணக்கான வரிகள்... திங்கட்கிழமைக்குள் யார் திரும்ப டைப் அடிப்பது?

"உங்களுக்கு மானிட்டர் போடணுமாண்ணா?" என்று எஸ்தர் கேட்டார். அப்போதுதான் அது அணைந்திருப்பதையே கவனித்தேன். ஆன் செய்தார். கறுப்புத் திரை, அதில் துடிக்கும் ஒரு சின்னக் கோடு. ஐகான் இல்லை, மவுஸ் இல்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லும் கமாண்ட் லைன். எனக்கு அதைக் கண்டால் எப்போதும் உதறல். எஸ்தருக்கோ அதுதான் வசதி. படம் இருந்தால்தானே பார்க்க வேண்டும்? எழுத்தைக் கேட்டாலே போதும்.

மொழிபெயர்ப்பு ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவதற்கென்றே இருக்கும் ஒரு கட்டளையை முதலில் கொடுத்தார். பிறகு ஃபைலைப் படிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் ஐரோப்பிய எழுத்துகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒரு வார்த்தைகூடத் தமிழ் இல்லை. செல்வம் தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்தர் அசரவில்லை. ஃபைலின் தலைப்பைக் கேட்டுப் பார்த்தார். உள்ளே இருப்பது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று அதில் குறிப்பு இருந்தது. திஸ்கி என்று போட்டால் அன்றைய மென்பொருள்கள் ஏற்காது. அதனால் எல்லோரும் அப்படித்தான் போட்டோம். கட்டளையும் அதை நம்பிவிட்டது.

அடுத்து 'ஐகான்வ்' என்று, ஒரு எழுத்துமுறையை இன்னொன்றாக மாற்றும் கட்டளை. அதற்குத் தெரிந்த எழுத்துமுறைகள் என்னென்ன என்று கேட்டார். குரல் தடதடவென்று ஓடியது. எனக்கு வெறும் இரைச்சல். அந்த வேகத்தில்தான் அவர் நாள் முழுக்கக் கேட்பாராம். சட்டென்று நிறுத்தினார்.

"இதுல திஸ்கி இருக்குண்ணா."

தமிழ்நாட்டிலேயே பலர் மறந்துபோன ஒரு எழுத்துமுறை... அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக யூனிகோடோடு பொருத்தி, இந்தக் கட்டளைக்குள் வைத்திருக்கிறார். எஸ்தரின் லினக்ஸ் கம்ப்யூட்டரில், அவர் தேடும்வரை அது சும்மா இருந்திருக்கிறது. அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, 'திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு' என்று ஒற்றை வரி அடித்தார். பாதியில் நின்றது. இந்த இடத்தில் ஏதோ புரியாத எழுத்து இருக்கிறது என்று இடத்தையும் சொன்னது. எங்கள் குழுவில் யாரோ அந்த ஒரு வரியை மட்டும் வேறு ஃபான்டில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். 'அச்சிடு' என்று வந்திருக்க வேண்டிய இடம். எஸ்தர் அதைக் காலியாக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். இம்முறை நிற்கவில்லை. நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது!

காலி இடத்தில் 'அச்சிடு' என்று யூனிகோடில் நான் அடித்துக் கொடுத்தேன். தலைப்பில் இருந்த குறிப்பையும் எஸ்தர் திருத்தினார். மென்பொருளை மூடித் திறந்தார். கீபோர்டை செல்வத்தின் பக்கம் நகர்த்தி, குரலின் வேகத்தைக் குறைத்து வைத்தார்.

செல்வம் ஒரு விசையை அழுத்தினார். "புதிய சரக்கு வரவு," என்றது குரல். இன்னொரு விசை. "பொருளின் பெயர்." அவர் எதையோ அடித்தார். "கோப்பைச் சேமிக்க வேண்டுமா?"

"எந்தக் கோப்பை?" என்றார் செல்வம்.

எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தார். 'கோப்பு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம் — காதால் கேட்பவருக்கு அது டீ குடிக்கிற கோப்பையாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! விளக்கிச் சொன்னதும் செல்வமும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒரு பதிவு, இன்னொரு பதிவு... என் பழைய வாக்கியங்களை அந்தக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்ல, விரல்கள் பின்னாலேயே போயின. அமுதா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் புத்தகங்களுக்கு முன்னுரை, அணிந்துரை, வெளியீட்டு விழா என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். நான் எழுதியது ஒருவருக்கு உடனடியாக, கண்ணெதிரே பயன்பட்டதைப் பார்த்தது அன்றுதான். அந்த நினைப்போடு ரயில் ஏறினேன்.

திங்கட்கிழமை மதியம் செல்வமே கூப்பிட்டார். மேனேஜர் சரி என்று சொல்லிவிட்டாராம். நாளை முதல் ஸ்டோர்ஸில் வேலையாம். வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன். ஆனால், அவர் விடவில்லை.

"சார், கம்பெனில கீற புது வெர்ஷன்ல பாதி மெனு இன்னும் இங்கிலீசுலதான் கீது. எப்ப முடிச்சுத் தருவீங்க?"

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த மனிதர்... எனக்கு வேலை கொடுத்துவிட்டார்!