மகளின் காலைக் காபி

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிளானோ ஊர் ஆஸ்பத்திரியின் இன்குபேட்டரில் தூங்கும்போதே மூச்சுவிட மறந்துபோவாள். மானிட்டர் அலறும், நர்ஸ் ஓடிவந்து பாதத்தைத் தட்டுவார், மறுபடி மூச்சு வரும். அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

நான் காபிப் பைத்தியம். அவள் தானாக மூச்சுவிட்டு வீடு வந்து சேரும்வரை காபியைத் தொடமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். காபி இல்லாத தலைவலியோடு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து, பாப்பாவுக்குக் காபி நேரம் என்றார்.

"பச்சக் குழந்தைக்குக் காபியா? இவங்களுக்கென்ன மறை கழண்டுடுச்சா?" என்று கணவர்மேல் பாய்ந்தேன்.

"கத்தாதடி, மொதல்ல என்னன்னு செக் பண்ணலாம்," என்றார்.

எட்டிப் பார்த்தேன். சிரிஞ்சில் இருந்தது வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. "கலரே இல்லியே! இது என்ன காபி?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அது காபி இல்லை, காபியில் இருக்கும் கஃபீன் மட்டும். வெறும் கஃபீன் வெள்ளைப் பொடி, தண்ணீரில் லேசில் கரையாது. சிட்ரிக் அமிலம் சேர்த்தால் கரைந்துவிடும். நம் உடம்பில் அடினோசின் என்றொரு பொருள் மூளையிடம் 'போதும், அடங்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். கஃபீனின் உருவமும் கிட்டத்தட்ட அதே மாதிரி என்பதால், அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேச்சை மூளைக்கு எட்டவிடாது. மூச்சை நடத்தும் பகுதி விழித்தே இருக்கும். பிஞ்சு ஈரல் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றாது, அதனால் தினம் ஒரு வேளையே போதும். அடேயப்பா! டம்ளர் டம்ளராகக் குடித்த எனக்கு அதன் சாமர்த்தியம் தெரியவே இல்லை.

"நீ விட்டுட்ட, உன் பொண்ணு புடிச்சுக்கிட்டா," என்று கணவர் கேலி செய்தார்.

மானிட்டர் அலறுவது குறைந்தது. பிறகு மருந்தை நிறுத்தினார்கள். உடம்பில் மிச்சமிருப்பது வடியும்வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் நான் மூச்சுவிட்டேனா என்பதே சந்தேகம். அவள் விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் திக்காக டிகாக்ஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்தார். "வேண்டுதல் முடிஞ்சுது. குடி."

டம்ளரைக் கையில் வாங்கினேன். தொட்டிலில் மானிட்டர் இல்லை, ஒயர் இல்லை. சின்ன மார்பு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.