கொடிக்கு வைத்த பொட்டு

இந்த மெர்டேக்கா அன்று, சுதந்திர தினமும் அதுவுமாக, போலீசிடம் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பயப்படாதீர்கள், வெளியேதான் இருக்கிறேன்!

பினாங்கு ஜார்ஜ்டவுனில் விடுமுறை என்றால் உங்களுக்குத் தெரியாதா? கால் வைக்க இடமிருக்காது. சுவர் ஓவியத்தோடு படமெடுக்க ஒரு வரிசை, செண்டோல் குடிக்க ஒரு வரிசை... அணிவகுப்பு பார்க்கக் கிளம்பிய நான், தலைக்குப் பூ வாங்க லிட்டில் இந்தியாவில் கமலா அக்கா கடையில் நின்றேன்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சுங்கை பாக்காப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவர். பெற்றோர் பிறப்பைப் பதியாமல் விட்டதால், பிறந்த நாட்டிலேயே சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. எத்தனை தடவை மனுப் போட்டாரோ! இந்த வருடம்தான் குடியுரிமை கிடைத்து, நீல ஐசி கைக்கு வந்தது.

"தங்கச்சி, இங்க பாரு... என் கொடி!"

கடைமுன் தூணில் கட்டிய கம்பில் புத்தம்புதுத் தேசியக் கொடி. கம்படியில் ஓர் எலுமிச்சம்பழம். கொடியின் வெள்ளைப் பட்டையில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்!

நம் ஆட்கள் எதற்குத்தான் பொட்டு வைக்கவில்லை? கார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்... வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அது குடும்பத்தில் ஒன்று. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடை ரஹீம் அண்ணன்தான் பார்த்துப் பதறினார்.

"யக்கா, என்னா வேல செஞ்சிட்டீங்க? கொடியில கற படக்கூடாது லா! யாராச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா கேஸாயிரும்!"

அவ்வளவுதான், அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஈரத்துணி எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் குங்குமம் பரவியது. எதிரே ஒரு வெள்ளைக்கார ஜோடி கேமராவைத் தூக்க, நான் கொடிக்குக் குறுக்கே போய் நின்று சிரித்தேன். யாருடைய பினாங்கு ஆல்பத்திலோ இப்போது அசடு வழிந்துகொண்டிருக்கிறேன்.

"நீல ஐசிய திருப்பி வாங்கிருவாங்களா, தங்கச்சி?"

ஈரத்துணியை அவரிடமிருந்து வாங்கி நானும் துடைத்துப் பார்த்தேன்.

சொல்லி வைத்தாற்போல, முனையில் டிராஃபிக் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எங்களை நோக்கி நடந்து வந்தார். இளம் மலாய்க்காரர். அவர் வாய் திறப்பதற்குள் அக்கா ஐசியை இரண்டு கையாலும் நீட்டிவிட்டார்.

"நான் வேணும்னு செய்யலீங்க சார்..."

பதற்றத்தில் அக்காவுக்கு மலாயே மறந்துபோயிற்று. நான் முந்திக்கொண்டு மலாயில் விளக்கினேன் – இது அழுக்கில்லை, மரியாதை. புதுசாக வந்த எதற்கும் இப்படிச் செய்வது எங்கள் வழக்கம். இவருக்கு இதுதான் முதல் கொடி.

அவர் கொடியைப் பார்த்தார். ஐசியை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கூட வேலை செய்யும் தமிழ் நண்பர் புது கெரேத்தா வாங்கியபோது, அதற்குப் பொட்டு வைத்ததை இவரும் நின்று பார்த்தாராம். எலுமிச்சம்பழத்தின் மேல் கார் டயர் ஏறும்போது கைகூடத் தட்டினாராம்.

"துணியில் வேண்டாம் காக், கம்பில் வையுங்கள்" என்றார் மலாயில். அவர்கள் 'காக்' என்றாலும் அக்காதானே!

ரஹீம் அண்ணன் தன் கடையில் கட்டியிருந்த கொடிகளில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். "நம்மகிட்ட இன்னொன்னு இருக்கு யக்கா, இத கட்டுங்க." கறைபட்டதை அக்கா பதமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சாமி அறைக்காம்.

போலீஸ்காரர் கம்பை ஆடாமல் பிடித்துக்கொள்ள, அக்கா கம்பில் பொட்டு வைத்தார். ஐசியை அவரும் இரண்டு கையாலேயே திருப்பிக் கொடுத்தார்.

"செலாமாட் ஹரி மெர்டேக்கா, காக்."

அக்கா அழுதுவிட்டார். ரஹீம் அண்ணன் கண்ணில் மசாலா பட்டதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. போக மனம் வரவில்லை. பிறந்தபோதே குடியுரிமை கிடைத்த நமக்கு மெர்டேக்கா என்றால் என்ன? நீண்ட வாரக் கடைசி, மால்களில் தள்ளுபடி. பர்ஸைத் திறந்தேன். சூப்பர்மார்க்கெட் கார்டுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது என் நீல ஐசி. படத்தில் திருடி மாதிரி முழிக்கிறேன்... இருக்கட்டும்.

"அக்கா, சந்தனம் கொஞ்சம் மிச்சம் இருக்கா?"