மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் தாள்

போன வருஷம் சித்திரை வெயிலில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் நடந்தது இது. எனக்கு எப்போதுமே இருப்புக் கொள்ளாது. பஸ் கொஞ்சம் தாமதமானாலே பத்துத் தரம் எட்டிப் பார்க்கிற ஆள் நான். "கால்ல சக்கரம் கட்டிட்டு வந்தவ" என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

பேண்டேஜ் துணி வெளுக்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி எங்கள் முதலாளிக்கு இன்னொரு யூனிட் உண்டு. அங்கே துணி வெளுக்கிற பெராக்சைடு திரவம் தீர்ந்துவிட்டது என்று ஒரு பெரிய கேனை இவர் வண்டியில் காலையிலேயே ஏற்றிவிட்டார்கள். கிளம்ப மதியமாகிவிட்டது. அதுவரை வண்டி வெட்டவெளியில்தான் நின்றது. எனக்கும் அங்கே வேலை இருந்ததால் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் எல்லையில் மடவார் வளாகத்தை நெருங்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முகூர்த்த நாள், மண்டபத்து வாசலில் ஒரே கூட்டம். இவர் நுங்கு வாங்க இறங்கினார். சும்மா இருக்க முடியாமல் நான் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கேன் வயிறு உப்பிப்போய் உருண்டையாக நின்றது.

பெராக்சைடு உள்ளே வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் இன்னும் கூடும். அது வெளியேறத்தான் மூடியில் சின்னத் துளை வைத்திருப்பார்கள். துளை அடைத்துக்கொண்டால் கேன் வெடித்துவிடும். இதை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"மூடியில என்ன செஞ்சீக?" என்று இறங்கி ஓடிப்போய்க் கேட்டேன்.

"பாலிதீன் தாள வச்சு இறுக்கியிருக்கேன்டி. நீ ஊருக்கு நல்லெண்ணெய் கொண்டுபோறப்ப செய்வேல்ல, அதே மாதிரிதான். போன வாட்டி கம்பெனியில இது தெறிச்சு உன் விரலெல்லாம் வெளுத்துப் போச்சுல்லா."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. விஷயத்தைச் சொன்னதும், "அம்புட்டுத்தான, தெறந்து விட்டாப் போச்சு" என்று வண்டியில் கால் வைத்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், பட்டன் தெறித்து விழுந்தது. கம்பெனியில் பாதுகாப்பு பார்க்கிறவருக்குப் போன் போட்டேன். மூடியைத் தொடவே கூடாது, ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள், தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கேனைக் குளிரவைக்க வழி இருக்கிறதா பாருங்கள், தீயணைப்புக்கு நான் சொல்கிறேன் என்றார்.

எங்கே தள்ளி நிறுத்துவது? பக்கத்தில் ஒரு பஸ், சுற்றிலும் பட்டுச்சேலைக் கூட்டம். இடப்பக்கம் மட்டும் சுற்றுச்சுவர் போட்டு, கேட் இல்லாத ஒரு காலி மனை இருந்தது. நான் போனை வைப்பதற்குள் இவர் வண்டியில் ஏறிவிட்டார்.

"ஏட்டி, நீ ஆள வெலக்கு."

வேண்டாம் என்று கத்தினேன், கேட்கவில்லை. கேனுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு தகரமும் கண்ணாடியும்தான். வழியில் நின்றவர்களை எல்லாம் பிடித்துத் தள்ளினேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். வண்டி மனைக்குள் இறங்கி மேடு பள்ளத்தில் குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. மனையின் கடைசியில் நிறுத்திவிட்டு அவர் குதித்து ஓடிவந்தார்.

எங்கள் பின்னால் மண்டபத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரி ஒன்று நின்றது. அவ்வளவு நேரமும் ஹாரன் அடித்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்த ஆள் அதன் டிரைவர். ஓடிப்போய் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எம்புட்டு தூரத்துல நிக்கணும்?"

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மோட்டாரைப் போட்டு, ஹோஸைத் தூக்கிப் பிடித்து அடித்தார். மண்டபத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "வாரேன் அண்ணாச்சி, சோறு செத்த நேரம் பொறுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. பெராக்சைடு வண்டியெல்லாம் வழிந்து மண்ணில் நுரைத்தது. பின்பக்கக் கண்ணாடி நொறுங்கி, டிரைவர் சீட் முழுக்கச் சில்லு. இவர் உட்கார்ந்து ஓட்டிவந்த அதே சீட். தீயணைப்பு வண்டி வந்து எல்லாவற்றையும் அலசிவிடும்வரை அந்த லாரிக்காரர் நகரவில்லை. அப்புறம் மண்டபத்துக்கு அவசரமாகப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

வண்டியில் கிடந்த இவருடைய சிவப்புத் துண்டு அங்கங்கே வெள்ளையாகிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது எங்கள் கம்பெனிப் பயிற்சியில் டிரைவர்களுக்கும் இடம் உண்டு. நானும் வேலையில் பட்ட காயத்தை மட்டும் வீட்டில் சொல்லி நிறுத்துவதில்லை, அது எதனால் பட்டது, எதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊருக்கு எண்ணெய் கொண்டுபோகும்போது இன்றும் தாளை வைத்துத்தான் மூடியை இறுக்குகிறேன். ஆனால் என் விரல் வெளுக்கக் கூடாது என்று நினைத்த மனுஷனை அந்த நினைப்பே கொண்டுபோயிருக்கும் என்பது ஞாபகம் வந்து, ஒவ்வொரு தடவையும் கை அப்படியே நின்றுவிடுகிறது.