ராசிங்காபுரத்திலிருந்து ஸ்டோர் அடுப்பு வரை

என் மாமனாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, ராசிங்காபுரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அவர் பூசணிக்காயோடு ஓடி வந்தபோதுதான். எழுபதுகளின் நடுவில், ஒரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். மாமனார் படியில் ஒரு காலை வைத்து, காயை என் மடியில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "எம் பிள்ளை செல்லம்மாளுக்கு இளைப்பு வந்தா அந்த அடுப்புச் செவத்தோரமா உக்கார வையிங்க மாப்ளே" என்றார். சித்திரை பிறந்து பத்து நாளில் அவர் இறந்துபோனார்.

ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்ப்பவனுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் லீவு ஒரே மாதிரிதான். உடம்பு ஓர் இடத்தில் இருக்கும், நினைப்பு வேறு இடத்தில் இருக்கும். பறித்த பச்சைக்காய் அன்றைக்கே ஸ்டோருக்கு வந்துவிடும். சாயங்காலமே விறகு வைத்துச் சூடேற்றிக் காயைப் பரப்பியாக வேண்டும். இரவு முழுக்கச் சாக்கில் கிடந்தால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயை ஏலத்தில் யாரும் சீண்ட மாட்டார்கள்.

அதுவரை நான் மழையிலும் அட்டைக்கடியிலும் களையெடுத்துக்கொண்டிருந்தவன். அந்த வருஷம்தான் கணக்கப்பிள்ளை என்னைப் பரீட்சையாக அடுப்பில் போட்டிருந்தார். அந்த வேலையோடு ஸ்டோரை ஒட்டி ஓர் அறையும் உண்டு. ஸ்டோர்ச் சுவரும் அறைச் சுவரும் ஒன்றே; ராத்திரியெல்லாம் கதகதப்பாக இருக்கும். என் மனைவி செல்லம்மாளுக்கு மலைக்குளிரில் இளைப்பு வாட்டும். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டின் ஈரத்தில் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தவள், அந்த அறைக்கு வந்த பிறகுதான் படுத்துத் தூங்கினாள். பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தபோது கணக்கப்பிள்ளை சொன்னது ஒன்றுதான். மூன்றாம் நாள் பறிப்பு இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அடுப்பு முன்னால் இல்லையென்றால் வேறு ஆள் நிற்பான்.

பண்டிகைக்கு மாமனார் வீடு போய்த் திரும்பியவர்களுக்கு மேற்கொண்டு நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன்.

முன்னால் போன மூட்டை

அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். எங்களுக்கு வேண்டிய பஸ் எட்டு மணிக்கு. ராகு காலத்தில் மகளை வாசல் தாண்ட விட மாட்டேன் என்று மாமனார் ஒரே பிடியாக நின்றார். நான் ஐந்து மணிக் கதையைச் சொன்னேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஏழு மணிக்கே எங்கள் மூட்டைகளைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிட்டார். மூட்டை நல்ல நேரத்தில் வீட்டைவிட்டுப் போய்விட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எட்டு மணிக்கு நாங்கள் தெருவைத் தாண்டிப் போனால் எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த வீட்டுக்காரர் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாராம். எந்த வயல் என்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டை அந்த வீட்டுக்குள், நாங்கள் இந்த வாசலில். எட்டு மணி பஸ் எங்கள் கண்முன்னாலேயே புழுதி கிளப்பிப் போனது. செல்லம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. "பயணமெல்லாம் நல்ல நேரத்துல கிளம்பிருச்சு மாப்ளே. நீங்கதான் இன்னும் கிளம்பல."

சாவி வந்தபோது மணி பத்து.

பஸ்ஸெல்லாம் ஒரே வயல்

போடியில், மலை உச்சியில் எல்லையாக இருக்கும் மேட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து அடிவாரச் செக்போஸ்ட்டுக்கு வரும்போது மதியம் ஆகிவிட்டது. எங்கள் எஸ்டேட் கேரளத்தில்; அப்போதெல்லாம் அங்கே அரிசி கொண்டுபோகத் தடை. ஆளுக்கு ஒன்றிரண்டு படி என்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். மாமனார் புது நெல்லைக் குத்தி, மகள் பங்கு என்று ஒரு மூட்டையே கட்டிக் கொடுத்திருந்தார். இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்வார்களே என்று அதைச் சீட்டுக்கடியில் தள்ளிப் பார்த்தேன். அரிசி போவதுகூடப் பெரிதில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசியே நேரம் போய்விடும்.

செல்லம்மாள் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டி வரிசையில் நின்றபோதே மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு சீட்டாகப் போய் ஆளுக்கு ஒரு படி கொடுத்துவிட்டாள். முந்தானையில் ஒருத்தி, துண்டில் ஒருவர், தூக்குச்சட்டியில் ஒருவர், தலைப்பாகையை அவிழ்த்து அதில் ஒருவர் என்று யாரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் பொங்கலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், எல்லாருக்கும் ஒரு மாமனார் இருந்தார். உள்ளே ஏறி வந்த காவலர் முதல் சீட்டில் குனிந்து பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கடைசி சீட்டு வரைக்கும் நடந்தார். பிறகு செல்லம்மாளிடம் வந்து நின்று, "ஏம்மா, பஸ்சு பூராப் பேருக்கும் ஒரே வயக்காடா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அரிசியைத் திரும்ப வாங்க மூன்று வளைவு ஆனது. எல்லாம் வந்து சேர்ந்தபோது மூட்டை முன்னைவிடக் கனத்திருந்தது. அதில் யார் வீட்டுப் புழுங்கலரிசியோ கலந்திருந்தது.

வண்டி கேட்டது

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் கேட்டார். ஆளாளுக்கு வைத்திருந்ததைக் கொடுத்தோம். ஒரு ஆத்தா மோர் கொடுத்தார். டிரைவர் அதை மட்டும் தானே குடித்துக்கொண்டார். அப்படியும் வண்டி ஏறவில்லை. பாரம் குறைய வேண்டும், எல்லாரும் இறங்கி அடுத்த வளைவு வரை நடக்க வேண்டும் என்றார்கள். செல்லம்மாளுக்கு அதற்குள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. அவளை உள்ளேயே விடச் சொல்லிக் கேட்டேன். டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு, அவள் ஒரு பாரமே இல்லை, மேலே கிடக்கிற லக்கேஜை இறக்குங்கள் என்றார்.

கண்டக்டர் மேலே ஏறி ஒவ்வொன்றாகக் கொடுத்தார், நான் கீழே நின்று வாங்கினேன். மணி இரண்டரை. என் கண் காயைப் பார்க்காமல் மணியைப் பார்த்துவிட்டது. போடியில் மேலே ஏற்றியிருந்த மாமனாரின் பூசணிக்காய் என் கைக்குத் தப்பி, முன் சக்கரத்துக்கு நேர் எதிரே விழுந்து நாலாகப் பிளந்தது. யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் செருப்பைக் கழற்றி விட்டு இறங்கி வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டை எடுத்துச் சக்கரத்தடியில் நன்றாகத் தள்ளி வைத்தார். ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு சிணுங்காமல் நகர்ந்தது. எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னார்: "இதை அடிவாரத்துலயே போட்டுருந்தீகன்னா எப்பவோ மேட்டுக்குப் போயிருக்கலாம்ணே."

பதினேழாவது ஆள்

மேட்டில் இறங்கியபோது நான்கேகால். எங்கள் பக்கம் போகிற பஸ் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு ஜீப்பு நின்றது, அதில் ஏற்கெனவே பதினைந்து பேர். டிரைவர் மலையாளத்துக்காரர். இளைப்போடு நின்ற செல்லம்மாளைப் பார்த்ததும், முன் சீட்டில் அரசாங்க உத்தியோகஸ்தர் மாதிரி உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார். நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். அவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். "சேச்சி இரிக்கட்டே. சேட்டனுக்கு எவிடே பிடி கிட்டுமோ, அவிடே பிடிச்சோ."

எனக்குக் கிடைத்த பிடி, ஸ்டெப்னி டயர்.

அடுப்புக்கு முன்னால்

ரோட்டில் இறங்கி எஸ்டேட்டுக்கு ஏறும்போது மணி ஐந்தைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அரிசி மூட்டையை நான் தலையில் வைத்துக்கொண்டேன். செல்லம்மாள் பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தாள். கடைசித் திருப்பத்தில் ஸ்டோர் தெரிந்தது. அதன் குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அடுப்பை வேறு யாரோ மூட்டிவிட்டார்கள். அவளும் பார்த்துவிட்டாள். "லயத்து வீடு ஒழுகுன இடத்துல தகரம் போட்டாச்சாமே" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் தலையில் இருந்த மூட்டை இன்னொரு மடங்கு கனத்தது.

உள்ளே போனேன். அடுப்பு முன்னால் கணக்கப்பிள்ளை கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாகக் குந்தியிருந்தார். அடுப்பு வாயில் ஒரு சட்டியில் டீத்தண்ணீர் கொதித்தது. சுற்றிப் பார்த்தேன். ஒரு சாக்குக் காய்கூட இல்லை. நேரமாகிவிட்டது என்று ஆரம்பித்து, ராகு காலம், பூட்டு, அரிசி, பூசணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காய் பறிக்க ஆளு வந்தாத்தானே அடுப்புக்குச் சோலி. நாப்பது பேரு லீவுல போனானுக, அத்தனை பேருக்கும் மாமனார் வீட்டுல பூட்டுப் போட்டுட்டாக போல. சொன்ன நாளுல மலையேறுனது நீ ஒருத்தன்தான்யா. பிள்ளையை வெரசா உள்ள கூப்பிடு, செவரு சூடாத்தான் இருக்கு."

அந்த அறையில் நாங்கள் பதினான்கு வருஷம் இருந்தோம். இப்போது மாமனாரும் இல்லை, செல்லம்மாளும் இல்லை, ஸ்டோரையும் இடித்துவிட்டார்கள், எனக்கென்று மிஞ்சியிருப்பது எட்டு மணி பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே போய் நிற்கிற பழக்கம் ஒன்றுதான்.