சொந்தக்கார அக்கா

“எங்க பெரியப்பாங்க இவரு, கொஞ்சம் வழி விடுங்க,” என்று சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியை வளைத்துத் திருப்புகிறார் அக்கா. வண்டியில் கிடக்கும் பெரியவரை அவர் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். லாரிக்காரன் இடித்துப் போட்டுவிட்டுப் போக, யாரோ புண்ணியவான் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். ஆனால் அக்காவின் பதற்றத்தைப் பார்த்தால், காலையில்கூட இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டதாக நீங்கள் சத்தியம் செய்வீர்கள்.

அவசரப் பிரிவுக்கு நேர் எதிரே உள்ள மருந்துக் கவுண்டரில் உட்காருகிறவன் நான். எனக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டாம். அக்காவுக்குச் சம்பளம் வண்டி தள்ளுவதற்கு. சொந்தம் கொண்டாடுவது இலவசம். தனியாக வந்து சேருகிறவர் யாரானாலும் வாசல்படி தாண்டுவதற்குள் ஓர் உறவுமுறை கிடைத்துவிடும். நரைத்த தலை என்றால் பெரியப்பா, நடுவயது என்றால் சித்தி, இளவட்டம் என்றால் தம்பி. எங்கள் எல்லாருக்கும் அவர் ‘சொந்தக்கார அக்கா’.

எதற்கு இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன். “அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? அழுறதுக்கு ஆள் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார். வாஸ்தவம்தான். நாலு பேர் சூழ வருகிறவருக்காக ஒருவர் டாக்டரைப் பிடிப்பார், இன்னொருவர் ஸ்கேன் அறைக்கு ஓடுவார், மூன்றாமவர் யாரோ பெரிய மனிதருக்குப் போன் போடுவார். தனி ஆள் சுவரோரம் கிடப்பார். இங்கே யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலரும் ஒரே நேரத்தில் கத்தும்போது, கத்தாதவரைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிகிறவர்கள்தான் பல நேரம் சத்தமில்லாமல் கிடப்பார்கள் என்று அறுவை சிகிச்சை டாக்டரம்மாவே சொல்வார். அக்காவின் புளுகெல்லாம் அவருக்கு அத்துப்படி. “உங்க குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட ரோடு கடக்கத் தெரியாதா?” என்று கேட்டபடியே கையுறையை மாட்டுவார்.

புதிதாக வந்த சின்ன டாக்டர்தான் பாவம், எல்லாவற்றையும் நம்பினார். போன வாரம்தானே உங்கள் அப்பாவுக்குக் கால் முறிந்தது, இது யார் என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அது பெற்ற அப்பா, இது வளர்த்த அப்பா என்று அக்கா கண் இமைக்காமல் சொன்னார். இன்னொரு நாள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு பையன் வந்தான். அவன் முனகிய மொழி அந்தக் கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. அக்கா சளைக்கவில்லை. “என் தம்பிதான் சார். சின்ன வயசுலயே வெளியூர் போயிட்டான்.” அன்றைக்குத்தான் சின்ன டாக்டருக்கு விஷயம் விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பையனைக் கவனிக்கப் போனார்.

அக்காவுக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் நிஜமாகவே உண்டு. மின்சார வேலை பார்க்கிறவன். ஒரு மத்தியானம் ஏணி சரிந்து விழுந்தவனை, வழிப்போக்கர்கள் தூக்கிவந்து வண்டியில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். எங்களில் ஒருவரும் அவனை அதற்குமுன் பார்த்ததில்லை. அக்கா ஓடிவந்தார், முகத்தைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். ஊருக்கெல்லாம் கத்திய வாய்க்கு அன்று ஒரு சொல் வரவில்லை. வண்டியின் கம்பியைப் பிடித்தவர் விடவே இல்லை. அவனோ வெளுத்துப்போய், முனகாமல் கிடந்தான். உள்ளே ஒரு பேருந்து விபத்தில் அடிபட்டவர்கள் மொத்தமாக வந்து இறங்கியிருந்தார்கள். காது கிழிகிற சத்தம்.

அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படியானால் இன்றைக்குச் சொந்தம் கொண்டாடும் வேலையை யார் பார்ப்பது? வாசல் காவலாளி ஒரு கணம் முழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்க மச்சான், கொஞ்சம் பாருங்க என்று முதல் குரலை எழுப்பினார். துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்த துப்புரவு அம்மா, தான் அத்தை என்றார். நானும் கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடி, “நான் சித்தப்பா!” என்றேன். அவனைவிட நான் இளையவன். என்ன செய்ய, வாயில் வந்தது அதுதான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சின்ன டாக்டர், அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மறுகணம் வண்டியைத் தானே தள்ளினார். “லிஃப்டை நிறுத்துங்க! எங்க அண்ணன்!”

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே அக்கா பெஞ்சில் உட்காரவே இல்லை. எங்களுக்கும் ஏனோ அங்கிருந்து நகர மனமில்லை. கடைசியில் டாக்டரம்மா கதவைத் திறந்து, இவருக்கு யார் சொந்தம் என்று கேட்டார். பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்தோம். மண்ணீரல் கிழிந்திருந்தது, எடுத்தாயிற்று, சுவரோரம் கிடந்திருந்தால் தாங்கியிருக்காது, இனிமேல் பயமில்லை என்றார் அவர். அப்போதுதான் அக்காவுக்கு வாய் திறந்தது.

“என் தம்பி டாக்டரம்மா.”

“தெரியுமே. எல்லாரும் உங்க தம்பிதானே?”

“இல்லம்மா. இவன் நெசமாவே என் கூடப்பொறந்தவன்.”

காவலாளி வாயில் கை வைத்துக்கொண்டார். துப்புரவு அம்மா அழுதார், அக்கா அழுதார், பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம், சொல்லி மாளாது.

அடுத்த வாரம் வார்டுக்குப் பார்க்கப் போனேன். தம்பி தலையணையில் சாய்ந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று அக்காவிடம் வம்பு செய்துகொண்டிருந்தான். ஆள் தேறிவிட்டான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அக்கா விடுப்பு போட்டுவிட்டு அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கீழே வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்காவின் விரல்கள் நின்றன. கூட யாராவது அழுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டார். ஒரு குரலும் இல்லை.

“போக்கா,” என்றான் தம்பி. “நமக்கு என்ன முறையோ, போய்ப் பாரு.”

அக்கா பாதி உரித்த ஆரஞ்சை என் கையில் திணித்தார்.

“மிச்சத்தை நீங்க உரிச்சுக் குடுங்க, சித்தப்பா,” என்றவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே படியிறங்கி ஓடினார்.